பிளாங்க் எடுத்தாச்சா?

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் செம்மங்குப்பத்துத் தெரு ஒன்றில் போதுமான அளவு மிதிபட்டுவிட்டது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டெண்டாக இருந்தார், தெற்கு வீதியில் தன் அப்பாவோடு குடியிருந்தார், ஆள்காட்டி விரலில் சில்வர் நைட்ரேட் பட்ட கறுப்பு ஒன்று மறைவதற்குள் இன்னொன்று வந்துவிடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இவையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவை. பார்க்காததை எழுதினால் யார் சொன்னது என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்துக்காகவே கையில் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். எதையும் அதில் எழுதுவார். ‘சீர்காழியில் மழை (கண்டக்டர் சொன்னது)’. ‘மோர் புளிப்பு (அப்பா சொன்னது)’. தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டால் அடைப்புக்குறியை மட்டும் அடித்துவிடுவார். முதலில் எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. இப்படிப்பட்டவர்களோடு ஒரு வீட்டில் குடித்தனம் நடத்த முடியுமா என்று நினைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு வாழ்க்கை ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், ‘பையன் குடிக்க மாட்டான், சிகரெட் தொடமாட்டான்’ என்று மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சொல்ல, காபித் தட்டோடு நின்ற அக்கா, ‘இது அவர் சொன்னதா, நீங்க பார்த்ததா?’ என்று கேட்டாராம். வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். இது அக்காவே சொன்னது. சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாங்கள் சந்தித்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டியூஷன் சென்டரின் பின்னறையில். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். அறிவியல் என்றால் எங்களுக்கு உயிர், ஆனால் ஒருத்தரும் அறிவியல் வேலையில் இல்லை. நான் கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிவிட்டு அரசு அலுவலகத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தேன். டியூஷன் மாஸ்டர் பத்தாம் வகுப்புப் பாடத்தை இருபது வருடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை பாய் அடுத்தவர் எழுதிய சீட்டைப் படித்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே லேப் வாசனையோடு வந்தவர் அக்கா ஒருவர்தான். அதனால் வாரா வாரம் சிதம்பரத்திலிருந்து வந்து எங்கள் வாயை அடைப்பதும் அவர்தான்.

ஒருமுறை பாய் ஒரு டானிக்கைப் பற்றிப் பெருமை பேசினார். “ஜலதோஷத்துக்கு அப்படி வேலை செய்யுது மேடம். ஏழே நாள்ல ஆளு கிளியர்.”

“குடிக்காதவனுக்கு எத்தினி நாள்ல போவுது பாய்?”

பாய் யோசித்தார். “ஒரு வாரம் ஆவும்.”

“பிளாங்க் எடுக்கறதில்ல நீங்க” என்றார் அக்கா. அன்றைக்கு முழுக்கச் சிரித்தோம். பாய்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி சிரித்தார்.

பிளாங்க் என்பது லேப் பழக்கம். ஒரு தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றால் அதை மட்டும் சோதித்தால் போதாது. பக்கத்திலேயே சுத்தமான தண்ணீரை வைத்து, அதற்கும் அதே ஆசிட், அதே மருந்து, அதே சூடு எல்லாம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுத்தத் தண்ணீரிலும் ஏதாவது காட்டினால் அது நம் ஆசிட்டின் அழுக்கு, நம் கண்ணாடியின் அழுக்கு. அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் தண்ணீரின் உண்மை. லேபில் உள்ளவர்கள் இதை மாலை ஐந்து மணியோடு மறந்துவிடுவார்கள். அக்கா பஸ்ஸிலும் மறக்க மாட்டார். எவரேனும் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், “பிளாங்க் எடுத்தாச்சா?” என்பார்.

2004-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்த அன்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் எல்லாரும் லீவு போட்டுவிட்டுக் கூடினோம். மாஸ்டர் ஒரு டெலஸ்கோப் கொண்டுவந்திருந்தார். வெள்ளை அட்டையில் சூரியனை விழவைத்தோம். மதியம் சரியாக இரண்டு மணிக்கு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல், புள்ளி எங்கே இருக்கிறது என்று வரைய வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. என் முறை வரும்போது மேகம் வந்துவிட்டது. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். காலைப் பேப்பரில் வந்த படம் நினைவிருந்தது, அதன்படி ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டேன்.

அக்கா தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். மற்ற எல்லாப் புள்ளிகளும் உள்ளே தள்ளி இருந்தன. “தம்பி, பேப்பர்காரன் வரைஞ்சது அது உள்ள நொழையறப்போ. இப்ப மணி ரெண்டு. அது நகர்ந்து போயிருக்காதா?” என்றார். திட்டவில்லை. என் படத்துக்குக் கீழே ‘(பேப்பர் சொன்னது)’ என்று எழுதி மற்றவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். தெரியாது என்று சொல்லத் தெரியாதவன் நான் என்பதை அன்றே அவர் குறித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அன்பு வந்துவிட்டால் அவருக்கும் பிளாங்க் எடுக்கத் தோன்றாது போலிருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் சுனாமி. தேவனாம்பட்டினம் பக்கம் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போட எங்கள் கூட்டம் போயிருந்தது. திடீரென்று ‘அடுத்த அலை வருது’ என்று ஒரு சத்தம். ஊரே எழுந்து ஓடியது, நாங்களும் ஓடினோம். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். ஓடிக்கொண்டே பக்கத்தில் ஓடுகிறவரிடம் “யார் சொன்னா? நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனார். அலை வரவில்லை, புரளி. மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது பாய் கிண்டல் செய்தார். “என்னா மேடம், பிளாங்க் எடுக்காம ஓடியாந்துட்டீங்க?”

“ஓடறதுக்கு ஆதாரம் வேணாம் பாய். நிக்கிறதுக்குத்தான் வேணும்” என்றார் அக்கா. பாய் இதை மறக்கவில்லை.

இனி அஞ்சலை. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். வீடு செம்மங்குப்பத்தில், கெமிக்கல் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு தெருவில். 2007-இல் ஒருநாள் காலையில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை என் முன்னால் வைத்தாள். உள்ளே லேசான மஞ்சளாகத் தண்ணீர்.

“சார், நீங்க சயின்ஸ் சங்கத்துல கீறீங்களாமே. எங்க தெரு அடிபம்பு தண்ணி சார் இது. சோறு வச்சா நெறம் மாறிப் போவுது. மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அவள் மகளுக்குக் கை காலெல்லாம் தடிப்பு என்றாள். தண்ணீரால்தானா என்பது எனக்குத் தெரியாது, அஞ்சலை சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பேசினோம். திங்கள்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். வெறும் மனு கொடுத்தால் ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள், கூடவே ஒரு சோதனைத் தாள் இருந்தால் அதிகாரிகளே வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும், லாரித் தண்ணீராவது விடுவார்கள் என்றார் மாஸ்டர். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். தண்ணீரில் கலந்திருக்கும் கரிமக் கழிவை ஆசிட்டோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. வெளியார் தண்ணீரைக் கல்லூரியில் சோதிக்க அனுமதி வாங்குவதற்குள் அஞ்சலையின் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதனால் லேபிலிருந்து கண்ணாடிச் சாமான்களையும் ஆசிட், மருந்துகளையும் தான் எடுத்துவருவதாகவும் டியூஷன் சென்டரிலேயே செய்துவிடலாம் என்றும் அக்கா சொன்னார். எதையும் கேட்டு வாங்கி நோட்டில் எழுதிவைக்காமல் எடுக்காதவர் அவர். அந்தத் தெருவுக்காக எடுத்தார்.

ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காக எடுத்துவிட்ட காலம் அது, பஸ்தான். கண்ணாடியையும் தண்ணீரையும் ஒரே ஆள் தூக்க முடியாது. நான் சனிக்கிழமை ஒரு கிருகப்பிரவேசத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். அக்கா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார். பிளாங்குக்கான தண்ணீர். அவரே இரண்டு தடவை காய்ச்சி வடித்தது.

“கை படக்கூடாது தம்பி. மூடியத் தெறக்கவே தெறக்காத. இது சரியா இருந்தாத்தான் நாளைக்கு எல்லாம் சரியா இருக்கும்.”

“நானும் கெமிஸ்ட்ரிதான்க்கா” என்றேன்.

பஸ்ஸில் கூட்டம். ஆலப்பாக்கம் தாண்டும்போது பக்கத்து சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அதன் தாய் மேலெல்லாம் பட்டு, குழந்தை வீறிட்டு அழுது, யாரிடமும் தண்ணீர் இல்லை. எல்லார் கண்ணும் என் காலடியில் இருந்த கேனுக்கு வந்தது. “அண்ணா, கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணா” என்றாள் அந்தப் பெண். இது குடிக்கிற தண்ணீர் இல்லை, சோதனைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. கேனைத் திறந்தேன். குழந்தையைக் கழுவினாள், தன்னைக் கழுவினாள். கண்டக்டர் மிச்சத்தை வாங்கிப் படியைக் கழுவினார். மூடி எங்கோ உருண்டுபோய் யார் காலுக்கடியிலோ கிடைத்தது. கடலூர் வரும்போது கேனில் இரண்டு விரல் உயரம் இருந்தது.

இதுவரைக்கும் நான் குற்றவாளி இல்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காவுக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேறு தண்ணீர் கொண்டுவந்திருப்பார், அல்லது ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும். ஆனால் ‘நானும் கெமிஸ்ட்ரிதான்’ என்று ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு மார்தட்டிய வாய் இது. எதிரே ஒரு பேட்டரி கடை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் விற்கிற இடம். டிஸ்டில்டு என்றால் டிஸ்டில்டுதானே என்று ஐந்து லிட்டர் வாங்கி அக்காவின் கேனில் ஊற்றி மூடிவிட்டேன். பேட்டரித் தண்ணீரில் உப்பு இருக்காது, அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கும் மற்றதும் இருக்காது என்று யாரும் சொல்லவில்லை. இது முதலாண்டுப் பாடம். நான் முதல் வகுப்பில் தேறியவன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்னறையில் நடந்ததை ஒரு கல்யாணம் மாதிரி எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அஞ்சலையும் தெருவிலிருந்து இன்னும் நாலு பேரும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கொதித்து ஆறியதும் அக்கா பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயைத் திருகி, குடுவைக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலப்பச்சை மாறிச் செங்கல் நிறம் வரும்போது நிறுத்த வேண்டும். முதலில் பிளாங்க். இருபத்துநாலு மில்லிக்குப் பக்கத்தில் போக வேண்டியது இருபத்தொன்றிலேயே செங்கல் நிறமாகிவிட்டது. தண்ணீர் சுத்தமாக இருந்தால் எண் பெரிதாக இருக்க வேண்டும், அழுக்கு கூடக் கூட எண் குறையும். அக்கா நெற்றியைச் சுருக்கினார். பிளாங்கின் இரண்டாவது குடுவையையும் பார்த்தார். அதுவும் இருபத்தொன்று.

“பிளாங்க் கம்மியா வருதே” என்றார் தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, இது நான் குடுத்த அதே தண்ணிதான?”

மாஸ்டர் இருந்தார். பாய் இருந்தார். வாசலில் அஞ்சலை இருந்தாள்.

“அதே தண்ணிதான்க்கா.”

“அப்ப நம்ம ஆசிட்லயோ கண்ணாடிலயோதான் அழுக்கு. ரெண்டுக்கும் பொது. கழிச்சுடலாம்” என்றார். நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு அடிபம்புத் தண்ணீரைப் பார்த்தார். இருபதரை. வித்தியாசம் அரை. இருபத்துநாலிலிருந்து கழித்திருந்தால் மூன்றரை. அந்த மூன்றரைக்கு லாரித் தண்ணீர் வந்திருக்கும். அரைக்கு ஒன்றும் வராது.

“ஒண்ணும் பெருசா இல்லியே” என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது, ஏனென்றால் அறையே கொதித்தெழுந்தது.

“மேடம், எங்க மூக்குக்குத் தெரியுது, உங்க கண்ணாடிக் குழாய்க்குத் தெரியலியா?” என்றார் பாய்.

“மூக்குக்கு பிளாங்க் எடுக்க முடியாது பாய்.”

“அலைக்கு ஓடறதுக்கு ஆதாரம் வேணாம்னீங்க. இந்த ஜனங்களுக்கு மட்டும் எதுக்கு ஆதாரம்? மூணுன்னு எழுதுங்க, நாலுன்னு எழுதுங்க. யாரு வந்து பார்க்கப் போறா? அல்லாவுக்குத் தெரியும் அந்தத் தண்ணி கெட்டதுன்னு.”

அக்கா பேனா மூடியைக் கழற்றினார். “அன்னைக்கி நான் கையெழுத்து போடலியே பாய்” என்றார். வெறும் தாளை எடுத்து, இந்த ஒரு நாள், இந்த ஒரு பாட்டிலில், குறிப்பிடும்படியான கரிமக் கழிவு காணப்படவில்லை, மறுசோதனை தேவை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அஞ்சலை எழுந்து வந்து என்னிடம்தான் கேட்டாள். “இன்னா சார் எழுதிருக்குது அந்தம்மா?” மறுசோதனை வேண்டும் என்று எழுதியிருக்கிறார் என்றேன். முதல் வரியைச் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டாவது பொய்.

மாஸ்டர் வேறு வழியில்லாமல் அந்தத் தாளையே மனுவோடு இணைத்தார். திங்கள்கிழமை அதிகாரி முதல் வரியைப் படித்தார், இரண்டாவது வரிக்கு அவருக்கு நேரமில்லை. “உங்க ஆளே ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துருக்காங்களே” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். இது மாஸ்டர் சொன்னது.

அடுத்த ஞாயிறு அக்கா மறுசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்தார். நானும் கூடப் போனேன். அடிபம்பைச் சுற்றிப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஒருத்தி குறுக்கே வந்து பம்புப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். “கம்பெனிக்காரன் இன்னா குடுத்தான் ஒனக்கு? போம்மா. எங்க தண்ணியத் தொடாத.” அக்கா விளக்க ஆரம்பித்தார். மறுபடி செய்தால் தெரியும், தப்பு இருந்தால் நானே எழுதித் தருகிறேன் என்றார். ஒரு சொல்லும் யார் காதிலும் ஏறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் பக்கத்தில் காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் போதும், அந்தக் கூட்டம் அவரை விட்டுவிட்டு என் மேல் பாய்ந்திருக்கும். பாட்டிலோடு திரும்பி வந்தோம்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பேட்டரி கடைப் பக்கம் போனேன். கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து பழைய எஞ்சின் ஆயில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “தண்ணி ரொப்பத்தான் சார். பேட்டரிக்கு ஊத்தறது, குடிக்கவா போறாங்க?” என்றார். அதுவரை ஒருவேளை என்று இருந்தது அன்றைக்கு நிச்சயம் என்று ஆகிவிட்டது. அப்போதாவது சிதம்பரத்துக்கு பஸ் ஏறியிருக்கலாம். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பரிகாரம் செய்யாமல் இல்லை. எங்கள் வீட்டு முனிசிபல் குழாயில் தினமும் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போகும்படி அஞ்சலையிடம் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போவாள். “நீங்க மனுசன் இல்ல சார், தெய்வம்” என்றாள். அதோடு தினமும் காலையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அக்காவைப் பெயர் சொல்லித் திட்டுவாள். ‘படிச்ச பாவி, பச்சப் புள்ளைங்க வாயில வெசத்த ஊத்துனவ.’ நான் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்பேன். என் மனைவி ஒருநாள், “அந்த அம்மா அவ்வளவு மோசமா? நம்ம வீட்டுக்கு வந்தப்போ நல்லவுங்களாத்தான தெரிஞ்சாங்க” என்றாள். மனுஷரை யார் கண்டது என்றேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாகக் கலைந்தது. பாய் வருவதை நிறுத்தினார், அப்புறம் மாஸ்டர் அறைக்கு வேறு பேட்ச் எடுத்துவிட்டார். 2010-இல் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து அந்தத் தெருத் தண்ணீரைச் சோதித்தது. பம்பு வாயில் சிவப்புப் பெயிண்ட் அடித்து மூடினார்கள், லாரித் தண்ணீர் வந்தது. மூன்று வருடம் தாமதம். அந்த மூன்று வருடம் அந்தத் தெரு என்ன குடித்தது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரால் குடித்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். பழைய தாளை யாரோ தேடி எடுத்து அக்காவின் கல்லூரிக்குப் புகார் அனுப்பிவிட்டார்கள். டிபார்ட்மெண்ட் சாமான்களை வெளியே எடுத்துப்போய்ப் பொய் அறிக்கை கொடுத்தார் என்று விசாரணை. வர வேண்டிய பிரமோஷன் நின்றது.

2012-இல் ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் ஆபீஸுக்கு வந்தார். ஐந்து வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. விரலில் கறுப்பு இல்லை, லேபிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். எதிரில் உட்கார்ந்து அந்த நீள நோட்டைப் பிரித்தார்.

“கடைசியா ஒரு பதில் குடுக்கணும் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள. சாமான எடுத்துட்டுப் போனது உண்மை, அத ஒத்துக்கிட்டேன். ‘பொய்’னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. அதுக்குத்தான்.”

தலையாட்டினேன்.

“எல்லாத்தையும் திரும்பப் பண்ணிப் பார்த்துட்டேன். அன்னைக்கி ஊத்துன அதே லாட் ஆசிட் ஒரு பாட்டில் வச்சிருந்தேன், அதுல ஒண்ணுமில்ல. அதே கண்ணாடி, அதுலயும் இல்ல. மருந்து எல்லாம் சரியா இருக்கு. எதுலயும் அந்த மூணு மில்லி கொறச்சல் வரல. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி.”

நோட்டை என் பக்கம் திருப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கம். பிளாங்க் இருபத்தொன்று, இருபத்தொன்று. கீழே பொடி எழுத்தில்: ‘தண்ணீர்: நான் கொடுத்த அதே தண்ணீர் (தம்பி சொன்னது).’ அன்றைக்கு என்னைக் கேட்டுவிட்டு அவர் எழுதியது இதுதான். ஐந்து வருடமாக இந்த வரி அவர் கையில் இருந்திருக்கிறது. தெருவில் ஏச்சு வாங்கியபோது காட்டியிருக்கலாம். விசாரணையில் காட்டியிருக்கலாம். யாரிடமும் காட்டவில்லை.

“இத பதில்ல எழுதினா உன்னையும் கூப்புடுவாங்க. உன்னக் கேக்காம எழுத மனசு வரல. அதான் நேர்ல வந்தேன்” என்றார். பேனாவைத் திறந்தார். “அது அதே தண்ணியா தம்பி?”

இல்லையென்று சொன்னால் எனக்கு என்ன வந்துவிடும்? வேலை போகாது, கேஸ் வராது. அவருக்கு அந்த ஒரு வார்த்தை அழியும். இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூடவே மறுநாள் காலை கொல்லையில் பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப்போகும் அஞ்சலையின் முகமும் தெரிந்தது. என்னைத் தெய்வம் என்றவள். அந்த முகத்தை என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

“அதே தண்ணிதான்க்கா” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். மதியம் இரண்டு மணிக்குப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் பார்க்கிற பார்வை. கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு குனிந்து அன்றைய தேதியைப் போட்டு, அதே வரியைப் புதிதாக எழுதினார். அடைப்புக்குறியில் ‘தம்பி சொன்னது’ என்று எழுதவில்லை. என் இனிஷியல், என் முழுப்பெயர், என் பதவி, என் ஆபீஸ் எல்லாவற்றையும் நிதானமாக எழுதி முடித்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“சரியா எழுதியிருக்கேனா சார்?”

படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை கூட இல்லை. சரியாக இருக்கிறது என்றேன்.